கிளட்ச் பிளேட்: தேய்வது எது, மாற்ற வேண்டியது எது

"கிளட்ச் போயிடுச்சு சார், பிளேட் மாத்தணும்." மெக்கானிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. பல நேரம் உண்மைதான். சில நேரம் பாதி உண்மை. பிளேட் கொஞ்சம் தேய்ந்திருக்கும், ஆனால் வண்டி இழுக்காமல் போனதற்குக் காரணம் வேறாக இருக்கும். புது பிளேட் போட்ட பிறகும் அந்தக் காரணம் அப்படியே இருந்தால், புதுசும் சீக்கிரமே பழசாகிவிடும். "போன தீபாவளிக்குத்தானே மாத்தினோம்?" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் கதை.

100 முதல் 150 சிசி வரையிலான சாதாரண கியர் பைக்கில் கிளட்ச் பிளேட் மாற்றுவது வீட்டு வாசலில், அரை நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலை. எஞ்சினை இறக்க வேண்டாம், பிஸ்டனைத் தொட வேண்டாம். வலது பக்க கவரைத் திறந்தால் பல வண்டிகளில் கிளட்ச் அங்கேயே இருக்கும். ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும்: கிளட்ச் ஏன் நழுவுகிறது? அதுக்கு விடை தெரிந்துவிட்டால் மீதி வேலை ஈஸி.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு: இது உங்க வண்டிக்குப் பொருந்தாது. அதில் பெல்ட்டும், வேகம் கூடினால் தானாகப் பிடிக்கும் உலர் கிளட்சும் இருக்கின்றன. அது வேறு உலகம்.

உள்ளே என்ன இருக்கு?

எஞ்சின் சுற்றுகிறது. கியர்பாக்ஸும் பின் சக்கரமும் நிற்கின்றன. இந்த இரண்டையும் மெதுவாகச் சேர்த்து வைப்பதும், கியர் மாற்றும்போது பிரித்து வைப்பதும்தான் கிளட்சின் வேலை. ஒரே ஒரு பெரிய தட்டால் இதைச் செய்ய பைக்கில் இடம் கிடையாது. அதனால் சின்னச் சின்னத் தட்டுகளை இட்லித் தட்டு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுக்கில் இரண்டு வகைத் தட்டுகள். முதல் வகை உராய்வு பிளேட். நாம் 'கிளட்ச் பிளேட்' என்று கடையில் கேட்டு வாங்குவது இதைத்தான். இரு முகத்திலும் கார்க் அல்லது காகித நார் போன்ற பொருள் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒட்டியிருக்கும். அதன் வெளிவிளிம்பில் உள்ள காதுகள், கிளட்ச் ஹவுசிங்கின் பிளவுகளில் உட்காரும். ஹவுசிங் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். இரண்டாவது வகை வெறும் ஸ்டீல் பிளேட். அதன் உள்விளிம்பில் பற்கள் இருக்கும். அவை நடுவில் உள்ள ஹப்பில் மாட்டிக்கொள்ளும். ஹப் கியர்பாக்ஸோடு சுற்றும்.

ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கிய இந்தத் தட்டுகளை, பிரஷர் பிளேட் என்ற மூடி ஸ்பிரிங்குகளின் பலத்தால் அழுத்திப் பிடிக்கிறது. லீவரைப் பிடித்தால் பிரஷர் பிளேட் அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் விலகும். அழுத்தம் போனதும் தட்டுகள் தனித்தனியாகச் சுற்றும். அவ்ளோதான் கிளட்ச்.

இதெல்லாம் ஆயிலுக்குள்ளேயே நடக்கிறது. உராய்வை நம்பி ஓடும் ஒரு பொருளை ஆயிலில் முக்கி வைப்பது முரணாகத் தோன்றலாம். ஆயில் இங்கே சூட்டை எடுத்துக்கொண்டு போகத்தான். அந்தச் சூடு எவ்வளவு என்று பிறகு பார்ப்போம்.

கையிருப்புக் கணக்கு

ஒரு கிளட்ச் எவ்வளவு திருகுவிசையைத் தாங்கும் என்பதற்கு ஒரு எளிய பெருக்கல் உண்டு: உராயும் முகங்களின் எண்ணிக்கை, உராய்வுக் கெழு, ஸ்பிரிங் அழுத்தம், தட்டின் சராசரி ஆரம். நாலையும் பெருக்கினால் விடை.

புரிந்துகொள்வதற்காக ஒரு மாதிரி வண்டியை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க வண்டியில் வேறாக இருக்கும். உராய்வு பிளேட் 5, ஸ்டீல் பிளேட் 4. ஹப்பும் பிரஷர் பிளேட்டும் இரு முனைகளில் உராய்வதால் மொத்தம் 10 முகங்கள். ஆயிலில் நனைந்த உராய்வுக் கெழு 0.12. ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்து 1000 நியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ எடையின் அழுத்தம். சராசரி ஆரம் 5 செ.மீ. பெருக்கினால் 60 நியூட்டன் மீட்டர்.

எஞ்சின் கொடுப்பது 12 நியூட்டன் மீட்டர். அது கிளட்சுக்கு வரும் முன் பிரைமரி கியரில் மூன்று மடங்குக்குச் சற்று மேல் கூடி 40 ஆகிறது. தேவை 40, தாங்கும் சக்தி 60. இடையில் உள்ள 20தான் கையிருப்பு. எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு கையிருப்பு வைத்துத்தான் கிளட்சைத் தயாரிக்கும்.

இப்போ பிளேட் தேய்கிறது என்று வைப்போம். ஒவ்வொன்றும் 0.3 மி.மீ. தேய்ந்தால் ஐந்துக்கும் சேர்த்து 1.5 மி.மீ. அடுக்கின் உயரம் அந்த அளவு குறையும். ஸ்பிரிங் அந்த அளவு நீண்டுகொள்ளும். மாட்டியபோது 10 மி.மீ. அமுங்கியிருந்த ஸ்பிரிங் இப்போது 8.5 மி.மீ.தான் அமுங்கியிருக்கிறது. அழுத்தத்தில் 15 சதவீதம் காலி. 60 இப்போது 51.

கவனியுங்க: 51 கூட 40ஐ விட அதிகம்தான். தேய்மானம் மட்டும் இந்த வண்டியை நழுவ வைக்கவில்லை. பழைய ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருந்தால் அதில் 4, 5 போகும். லீவரில் பிளே இல்லாமல் ஒயர் இறுக்கமாக இருந்தால், ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பங்கை ஒயர் தாங்கிக்கொள்ளும்; அதில் இன்னும் 8, 10 போகும். இப்போ கணக்கு 40க்குக் கீழே வந்துவிட்டது. வண்டி நழுவ ஆரம்பிக்கும்.

இந்தக் குறிப்பு முழுக்க நான் சொல்ல வருவது இதுதான். கிளட்ச் ஒரே காரணத்தால் சாவது குறைவு. கையிருப்பை நாலு பேர் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுகிறார்கள்: தேய்ந்த பிளேட், தளர்ந்த ஸ்பிரிங், இறுக்கமான ஒயர், தப்பான ஆயில். கடைசித் திருடன் மாட்டும்போது பழி முழுவதும் பிளேட் மேல் விழுகிறது. பிளேட்டை மட்டும் மாற்றினால் ஒருத்தனைத்தான் பிடித்திருக்கிறோம்.

பிளே ஏன் தானாகக் குறைகிறது?

கிளட்ச் ஒயர் நாளாக நாளாக நீளும், அதனால் லீவர் லூசாகும் என்பதுதான் பலருக்கும் தெரிந்தது. அது சரி. ஆனால் அதற்கு எதிராக இன்னொன்றும் நடக்கிறது.

பிளேட் தேயும்போது, அடுக்கு சிறியதாகி, பிரஷர் பிளேட் இறுகும் திசையில் நகர்கிறது. லீவரைப் பிடிக்கும்போது அது விலகும் திசையில் நகர்கிறது. இரண்டும் எதிரெதிர். அதனால் பிளேட் தேயத் தேய, லீவரில் உள்ள பிளே குறைந்துகொண்டே வரும். தள்ளுகிற வகை, இழுக்கிற வகை என்று எந்த அமைப்பாக இருந்தாலும் இந்த விதி மாறாது.

பிளே முழுசாகத் தீர்ந்துவிட்டால், கையை எடுத்த பிறகும் ஒயர் கிளட்சைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்கும். லேசாக நழுவும். நழுவினால் சூடு. சூட்டில் பிளேட் இன்னும் வேகமாகத் தேயும். தேய்ந்தால் பிளே இன்னும் குறையும். ஒரு தடவை இந்தச் சுழலில் விழுந்தால் பல மாதம் வரவேண்டிய பிளேட் சில நாளிலேயே கருகிவிடும். அடாப்டரில் ரெண்டு சுற்று திருகியிருந்தால் தப்பித்திருக்கும்.

ஸ்லிப் ஆகுதா, பிரியலையா?

கிளட்ச் கோளாறு இரண்டு வகை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒன்று, நழுவுவது. திருகினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி போகவில்லை. மைலேஜ் குறையும், மேடேறத் திணறும், சில நேரம் கருகிய வாடை வரும். இரண்டாவது, பிரியாமல் இருப்பது. லீவரை முழுசாகப் பிடித்தும் வண்டி முன்னால் ஊர்கிறது, முதல் கியர் 'டக்' என்று விழுகிறது, சிக்னலில் நியூட்ரல் மாட்ட மாட்டேன் என்கிறது. இதற்குக் காரணம் அளவுக்கு மீறிய பிளே, வளைந்த ஸ்டீல் பிளேட், அல்லது ஹவுசிங் பிளவுகளில் விழுந்த பள்ளம். பிரியாத கிளட்சுக்குப் புது உராய்வு பிளேட் மட்டும் வாங்கிப் போடுவது காசுக்குக் கேடு.

நழுவுவதைச் சோதிக்க ஒரு வழி: போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகுங்க. நல்ல கிளட்சில் எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்தே மெதுவாக ஏறும். நழுவும் கிளட்சில் சத்தம் மட்டும் ஜிவ்வென்று ஏறும், வேகமுள் பின்தங்கும்.

ஏன் டாப் கியர்? கிளட்ச் மேல் வரும் சுமை எல்லா கியரிலும் ஒன்றுதான். கியர்பாக்ஸ் அதற்குப் பிறகுதானே வருகிறது. ஆனால் முதல் கியரில் வண்டி சட்டென்று வேகம் எடுப்பதால் எஞ்சின் சுற்றும் இயல்பாகவே ஏறிவிடும், நழுவினாலும் தெரியாது. டாப் கியரில் வண்டியால் அவ்வளவு வேகமாக ஏற முடியாது. அங்கே சத்தம் ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இதில் விளையாட்டில்லாத விஷயம் ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது, எதிரே பஸ் வருவதைப் பார்த்து நீங்கள் திருகுவதும் இதே டாப் கியர், இதே முழு ஆக்ஸிலேட்டர்தான். கிளட்ச் கைவிடுவதும் சரியாக அந்த இடத்தில்தான். 'இன்னும் ஒரு மாசம் ஓட்டிடலாம்' என்று தள்ளிப்போட இதுதான் தகுதியில்லாத கோளாறு.

திறக்கும் முன் இரண்டு கேள்விகள்

முதல் கேள்வி, பிளே. லீவர் முனையில் எதிர்ப்பே இல்லாமல் எவ்வளவு தூரம் ஆடுகிறது? பல வண்டிகளின் கையேட்டில் 10 முதல் 20 மி.மீ. என்று இருக்கும், சிலதில் இதைவிடக் குறைவு. உங்க வண்டி எண்ணைப் பார்த்து அதற்கு வையுங்க. பிறகு மறுபடி ஓட்டிப் பாருங்க. நழுவல் நின்றுவிட்டால் இப்போதைக்குக் கவரைத் திறக்கவே வேண்டாம். ஒயர் உள்ளே துருப்பிடித்துத் திரும்ப மறுக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்க.

இரண்டாவது கேள்வி, ஆயில். ஆர்எக்ஸ் 100 மாதிரியான டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு எரியும் ஆயில் வேறு, கியர்பாக்ஸ் ஆயில் வேறு. கிளட்ச் நனைவது கியர்பாக்ஸ் ஆயிலில். பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் எஞ்சினுக்கு, கியர்பாக்ஸுக்கு, கிளட்ச் இருக்கும் பிரைமரிக்கு என்று மூன்று தனி ஆயில். ஆனால் இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். எஞ்சினுக்கு வழுக்க வேண்டும், கிளட்சுக்கு வழுக்கக் கூடாது. ஒரே திரவம் இரண்டையும் செய்ய வேண்டும்.

கார் ஆயில்கள் பலவற்றில் எரிபொருள் மிச்சமாக வேண்டும் என்று உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். காரின் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருப்பதால் அங்கே பிரச்சினையில்லை. பைக்கில் அதை ஊற்றினால் மேலே சொன்ன கணக்கில் 0.12 என்ற எண்ணே சரியும். 0.08 ஆனால் 60 நேராக 40க்கு வந்துவிடும். புது பிளேட்டாக இருந்தாலும் கையிருப்பு பூஜ்யம். இதற்காகவே ஜப்பானில் 1998இல் ஜேசோ டி 903 என்ற தரம் வந்தது. டப்பாவின் பின்பக்கம் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் அது நனையும் கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்றிருந்தால் உராய்வு குறைந்த ஆயில், ஸ்கூட்டர்களுக்குப் போவது. 20டபிள்யூ50 போன்ற எண் மட்டும் பொருந்தினால் போதாது, இந்த இரண்டெழுத்தையும் பாருங்க.

என்னென்ன வேணும்

உராய்வு பிளேட் செட், ஸ்பிரிங் செட், வலது கவர் பேக்கிங், கிக்கர் ஆயில் சீல், எஞ்சின் ஆயில். 8, 10 எம்எம் டி ஸ்பேனர்கள், ரப்பர் சுத்தியல், வெர்னியர், ஃபீலர் கேஜ், ஒரு கண்ணாடித் துண்டு, பழைய துணி, ஒரு தட்டு. கிடைத்தால் ஒரு டார்க் ரென்ச். ஸ்டீல் பிளேட்டை அளந்து பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஸ்பிரிங்கை மட்டும் பிளேட்டோடு சேர்த்தே மாற்றிவிடுங்க. விலை குறைவு, கையிருப்பில் அதன் பங்கு பெரிது.

ஹவுசிங், ஹப் எல்லாம் சேர்ந்த முழு அசெம்பிளியைக் கடைக்காரர் நீட்டினால், முதலில் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்க. பலருக்கும் பிளேட்டும் ஸ்பிரிங்கும் போதும்.

கவரைத் திறப்பது

எஞ்சின் ஆறட்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு ஆயிலை வடியுங்க. வண்டியை இடது பக்கம் சாய்த்து வைத்து ஆயிலை வடிக்காமலே கவரைத் திறப்பவர்கள் உண்டு. ஆனால் தேய்ந்த பிளேட்டின் தூள் முழுக்க அந்த ஆயிலில்தான் மிதக்கிறது. புது பிளேட்டை அதில் குளிப்பாட்ட வேண்டாம். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீங்க. கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்க.

கிளட்ச் ஒயரைக் கழற்றுங்க. கிக்கர், ஃபுட்ரெஸ்ட், பிரேக் பெடல், சில வண்டிகளில் சைலன்சர் வழிவிட வேண்டியிருக்கும். கவர் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டு, கழற்றிய போல்ட்டை அங்கேயே குத்தி வையுங்க. நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் அலுமினியம் விரிசல் விடும்.

எல்லா போல்ட்டும் வந்த பிறகும் கவர் ஒட்டியிருக்கும். ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்க. இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பவே கூடாது. அந்தக் கீறல் வழியாக ஆயில் காலத்துக்கும் கசியும். கவர் வரும்போது இரண்டு சின்னக் குழல் பின்கள், கிக்கர் தண்டின் வாஷர், தள்ளும் பேரிங் ஆகியவை விழலாம். கீழே தட்டு வைத்தது அதுக்குத்தான். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்க. எந்த வீடியோவையும் விட உங்க வண்டியின் படம் நம்பகமானது.

ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்க. ஒன்றை முழுசாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் பிரஷர் பிளேட் கோணலாகி, ஹப்பின் தூண் உடையும். கிளட்ச் சேர்ந்து சுற்றினால் கியரில் போட்டு, பின் சக்கரத்தை ஒருத்தரைப் பிடிக்கச் சொல்லுங்க.

இங்கே வண்டிகள் இரண்டாகப் பிரிகின்றன. பிரஷர் பிளேட் வெளிப்பக்கம் இருந்தால், அதை எடுத்ததும் தட்டுகள் கையோடு வரும். உள்பக்கம் இருந்தால் நடுவில் உள்ள லாக் நட்டையோ வளையத்தையோ கழற்றி, ஹப்போடு சேர்த்து எடுக்க வேண்டும். அந்த லாக் நட்டுக்குப் பல வண்டிகளில் தனி டூல் வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டிக் கழற்றுவதைப் பார்த்திருப்பீங்க. நட்டின் பற்களும் தண்டின் மரையும் கெடும். டூலை வாங்குங்க அல்லது அந்த ஒரு நட்டுக்கு மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

எடுத்த தட்டுகளை வரிசை மாறாமல், எந்தப் பக்கம் வெளியே இருந்ததோ அப்படியே அடுக்கி வையுங்க.

அளந்து பார்ப்பது

கண்ணால் பார்த்து 'தேஞ்சிருக்கு' என்று சொல்வதற்கும் அளப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நல்ல பிளேட்டுக்கும் தேய்ந்ததற்கும் இடையே சில பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு அது தெரியாது.

உராய்வு பிளேட்: வெர்னியரில் மூன்று நாலு இடத்தில் தடிமனை அளந்து, கையேட்டின் கடைசி அளவோடு ஒப்பிடுங்க. தடிமன் சரியாக இருந்தும் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தால், கருகி மணம் வீசினால், அது முடிந்த கதை.

ஸ்டீல் பிளேட்: கண்ணாடி மேல் படுக்க வைத்து, அடியில் ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்க. பல வண்டிகளில் 0.2 மி.மீ.க்கு மேல் வளைந்திருந்தால் மாற்ற வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் கடும் சூடு கண்டது என்று அர்த்தம்.

ஸ்பிரிங்: தனியாக வைத்து நீளத்தை அளந்தால் தளர்ந்தது குட்டையாக இருக்கும். புது ஸ்பிரிங் பக்கத்தில் நிறுத்தினாலே தெரியும்.

ஹவுசிங்: பிளவுகளின் சுவரில் விரலை ஓட்டுங்க. பிளேட்டின் காதுகள் அடித்து அடித்துப் படிக்கட்டு மாதிரி பள்ளம் விழுந்திருந்தால் தட்டுகள் அதில் மாட்டிக்கொள்ளும், கிளட்ச் பிரியாது. லேசான தடங்களை அரத்தால் நேராக்கலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும்.

சூடு பற்றிச் சொல்கிறேன் என்றேனே. 40 நியூட்டன் மீட்டரில், நிமிடத்துக்கு 500 சுற்று வித்தியாசத்தில் கிளட்ச் நழுவினால் உண்டாகும் வெப்பம் சுமார் 2 கிலோவாட். குளியலறை ஹீட்டர் ஒன்றின் சக்தி, உள்ளங்கை அகலத் தட்டுகளுக்கு இடையே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு, ஹாஃப் கிளட்சில் ஏறினால் ஸ்டீல் பிளேட் ஏன் நீலமாகிறது என்பது புரியும்.

புது பிளேட் போடுவது

உராய்வு பிளேட்டுகளைப் புது எஞ்சின் ஆயிலில் சில மணி நேரம், முடிந்தால் முதல் நாள் இரவே ஊற வையுங்க. அந்தப் பொருளில் நுண்துளைகள் உண்டு. காய்ந்த பிளேட்டை மாட்டினால் ஆயில் உள்ளே போகும் முன்பே முதல் சில உராய்விலேயே மேற்பரப்பு கருகிவிடும்.

அடுக்கும்போது உராய்வு பிளேட்டில் தொடங்கி, ஒன்று விட்டு ஒன்றாக, உராய்வு பிளேட்டிலேயே முடியும். சில வண்டிகளில் முதல் அல்லது கடைசி பிளேட் மட்டும் வேறு அகலத்தில் இருக்கும், அல்லது அதன் காது தனியான பிளவில் உட்காரும். ஸ்டீல் பிளேட்டின் ஒரு விளிம்பு கூர்மையாக, மறு விளிம்பு மழுங்கலாக இருக்கும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். நீங்கள் எடுத்த படம் இங்கேதான் கைகொடுக்கும்.

அதிகம் பேர் தவறும் இடம் பிரஷர் பிளேட். அதன் பற்கள் ஹப்பின் பற்களோடு சரியாகப் பொருந்த வேண்டும். சில வண்டிகளில் இதற்கென்றே குறி இருக்கும். பல் மேல் பல் ஏறி நின்றால் பார்க்க உட்கார்ந்த மாதிரி இருக்கும், ஆனால் தட்டுகளை அழுத்தாது. ஸ்பிரிங் போடும் முன் கையால் அழுத்தி, அடுக்குக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே இடைவெளி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்க.

ஸ்பிரிங் போல்ட்டுகளை மறுபடி எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க. 6 எம்எம் போல்ட்டுகள் இவை; 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் கையேடுகள் பொதுவாகச் சொல்லும். டி ஸ்பேனரில் முழங்கை பலத்தைக் காட்டினால் அலுமினியத் தூண் கையோடு வரும். மணிக்கட்டு போதும்.

ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள புது வண்டிகளில் ஹப்பில் சாய்வான மேடுகள் இருக்கும். கொள்கை ஒன்றுதான், பொருத்தும் வரிசை வேறு. கையேடு இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

மூடுவது, பிளே வைப்பது

பழைய பேக்கிங்கை இரண்டு முகத்திலும் சுரண்டித் துடைத்துவிட்டுப் புது பேக்கிங் வையுங்க. குழல் பின்கள், வாஷர், தள்ளும் பேரிங் எல்லாம் இடத்தில் இருக்கட்டும். சில 100 சிசி வண்டிகளில் இதே கவருக்குள், கிராங்க் முனையில், சுழற்சியில் அழுக்கைப் பிரிக்கும் ஆயில் ஃபில்டர் இருக்கும்; திறந்ததோடு திறந்ததாக அதையும், ஆயில் வலையையும் சுத்தம் செய்துவிடலாம். கவர் கையால் தள்ளும்போதே ஒட்டி உட்கார வேண்டும். போல்ட்டால் இழுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தால் உள்ளே ஏதோ தடுக்கிறது. மறுபடி எடுத்துப் பாருங்க.

ஆயில் ஊற்றி, ஒயரை மாட்டி, பிளே வையுங்க. முதலில் லீவர் பக்கத்து அடாப்டரைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, எஞ்சின் பக்கத்து நட்டில் பெரிய அளவைச் சரிசெய்யுங்க. பிறகு லீவர் பக்கம் நுணுக்கமாகத் திருகுங்க. அப்போதுதான் பின்னாடி இரு பக்கமும் திருக இடம் இருக்கும்.

ஸ்டார்ட் செய்து, சென்டர் ஸ்டாண்டிலேயே கியர் மாற்றிப் பாருங்க. லீவரைப் பிடித்ததும் பின் பிரேக்குக்குச் சக்கரம் சுலபமாக நிற்க வேண்டும். அடுத்து தெருவில் மெதுவாக, அதற்கடுத்து டாப் கியர் சோதனை. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு இழுத்து ஓட்டாதீங்க. பிளேட்டுகள் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். அதற்குள் பிளே கொஞ்சம் மாறியிருக்கும். மறுபடி பார்த்து வையுங்க. பலர் விட்டுவிடும் கடைசி வேலை இதுதான்.

எப்போ வேண்டாம்?

வாரண்டி உள்ள வண்டி, ஹப்பின் தூண் உடைந்த வண்டி, ஹவுசிங் மாற்ற வேண்டிய வண்டி: இவற்றை ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுபோங்க. இதைப் படித்த பிறகு அங்கே போனாலும் உங்களுக்கு லாபம்தான். "பழைய பிளேட்டை என்கிட்ட கொடுத்திடுங்கண்ணே, ஸ்பிரிங்கும் சேர்த்து மாத்திடுங்க, ஆயில் எம்ஏ2 போடுங்க" என்று மூன்று வரி சொன்னால் வேலையின் தரமே மாறும். நல்ல மெக்கானிக் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

புது பிளேட் எவ்வளவு நாள் வரும் என்று கேட்பவர்களுக்கு எண்ணாகச் சொல்ல முடியாது. உங்க இடது கை நாலு விரலைத்தான் கேட்க வேண்டும். ஓட்டும்போது அவை லீவர் மேல் ஓய்வெடுக்கின்றனவா? சிக்னலில் மேட்டில் நிற்கும்போது பிரேக்குக்குப் பதில் கிளட்சில் வண்டியைப் பிடித்து வைக்கின்றனவா? மாதத்துக்கு ஒரு தடவை லீவர் முனையை ஆட்டி, பிளே இருக்கிறதா என்று பார்க்கின்றனவா?